பூதக்கண்ணாடி கட்டிய விமானம்

கழுவிக் கவிழ்த்த டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர் தண்ணீர் குடிப்பார். கல்யாணமான மறுநாள் ஆரம்பித்த பழக்கம். இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாளும் விட்டுப்போனதில்லை. டம்ளரில் ஒன்றும் இல்லை என்றால் மூடியில் ஏதாவது இருக்கும். மூடியில் இல்லை என்றால் மேஜையில் இருக்கும். எதிலுமே ஒன்றும் அகப்படாத நாளில் மனிதர் கொஞ்சம் வாடிப்போவார், பாவம்.

உத்தியோகமும் அதற்குத் தோதாகவே வாய்த்திருந்தது. லிஃப்ட் ஆய்வாளர். உயரமான கட்டடங்களுக்குப் போய், நாற்பத்திரண்டு கேள்விகள் அச்சடித்த படிவத்தில் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவார், அல்லது பெருக்கல் குறி போடுவார். கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, கதவு முழுசாக மூடுமுன்னே கூண்டு நகர்கிறதா, அவசர மணி அடிக்கிறதா. அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட இதுவரை விழுந்ததில்லை. அவர் கையெழுத்துப் போடாமல் பூட்டிக் கிடக்கும் லிஃப்ட்தான் அதிகம் என்பது வேறு விஷயம். அவர் புண்ணியத்தில் எட்டு மாடி படியேறி முட்டி தேய்ந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர்தான் பூதக்கண்ணாடி. அந்தப் பெயர் நடந்து நடந்து வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அவர் மனைவியே தன் தம்பியிடம் போனில் பேசும்போது, "பூதக்கண்ணாடி குளிக்கப் போயிருக்கு, சீக்கிரம் சொல்லு" என்பாள்.

அவள் தையல்காரி. முன்னறையில் ஒரு மெஷின், துணி வெட்ட ஆறடி நீள மேஜை, சுவரில் தொங்கும் காகித மாதிரிகள், நீராவி விடும் இஸ்திரிப் பெட்டி, இவைதான் அவள் சொத்து. பள்ளிச் சீருடை, சட்டை, கவுன், திரைச்சீலை, எது வந்தாலும் தைப்பாள். வெளியாட்கள் யாரும் குறை சொன்னதில்லை. போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். பூதக்கண்ணாடியின் சட்டைகளும் அவள் தைத்தவைதான். புதுச்சட்டையைக் கொடுத்தால் மனிதர் முதலில் ஸ்கேலைத் தேடுவார். "பாக்கெட் இந்தப் பக்கம் ரெண்டு நூல் ஏறியிருக்கே, கவனிச்சியா?" என்பார். கவனிக்காமல் என்ன? அவர் ஒரு தோள் ரெண்டு நூல் இறங்கியவர், அதற்காகத்தான் ஏற்றியிருக்கிறாள். முதல் பத்து வருஷம் விளக்கம் சொல்லிப் பார்த்தாள். அடுத்த பத்து வருஷம் சண்டை போட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு கெட்ட பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. நன்றாக ஓடிய தையலைக்கூடத் தானே பிரித்துவிட்டு மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள். யாருமில்லாத அறையில் மெஷினை மிதிக்கும்போதும் காதுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. முன்னெல்லாம் தைக்கும்போது பாட்டு முணுமுணுப்பவள், எப்போது நிறுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. டம்ளர் கிடக்கட்டும், கழுதை.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கடையைப் பூட்டிவிட்டு, பால்சா மரத்தில் சின்னச் சின்ன விமானம் செய்து பறக்கவிடும் கும்பலோடு மைதானத்துக்குப் போய்விடுவான். பால்சா என்பது மரம் என்ற பெயரில் வரும் காற்று. கட்டையைக் கையில் வைத்தால் வைத்ததே தெரியாது, நகம் பட்டால் பள்ளம் விழும். அவன் வீட்டுக் கூரையில் அப்படி ஏழெட்டு விமானங்கள் தொங்கும். ஒரு ஞாயிறு அங்கே விருந்துக்குப் போனபோது பூதக்கண்ணாடி சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே மேலே பார்த்தார்.

"மாப்ளே, இதோட வால் ஒரு பக்கமா சாஞ்சிருக்கே."

"அது வேணும்னே சாய்ச்சது அத்தான். அப்பத்தான் நேரா ஓடிப்போயிடாம வட்டமடிக்கும்."

"தப்புப் பண்றவங்க எல்லாரும் வேணும்னே பண்ணேன்னுதான் சொல்றாங்க."

தம்பி நல்ல பையன்தான். ஆனால் அன்றைக்கு அவனுக்கும் பொறுமை தீர்ந்திருந்தது. அதே நாளில் அவன் புதுத் திரைச்சீலைக்கும் அவன் மனைவி வைத்த சாப்பாட்டுக்கும் வாசல் மணியின் சத்தத்துக்கும் ஏற்கெனவே சான்றிதழ் மறுக்கப்பட்டிருந்தது.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. நீங்களா உங்க கையால ஒரு பொருள் செஞ்சிருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு?"

பூதக்கண்ணாடி யோசித்தார். அறையில் இருந்த எல்லாரும் அவரோடு சேர்ந்து யோசித்தார்கள். கடிகாரம்கூட யோசித்த மாதிரி இருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஸ்டூல்..." என்று ஆரம்பித்தார்.

"மூணு காலோட நின்னுபோச்சே, அதுவா?" என்றாள் அவள்.

முகத்தில் ஈ ஆடவில்லை மனிதருக்கு. தம்பி உள்ளே போய் ஒரு நீளமான அட்டைப்பெட்டியோடு வந்தான். முதல்முறை செய்கிறவர்களுக்கானது. ரப்பரை முறுக்கினால் மூக்கில் இருக்கும் விசிறி சுற்றி, அந்த வேகத்தில் பறக்கும் விமானம். நாலு வாரம் அவகாசம். முழுக்க முழுக்க அவர் கைதான் படவேண்டும், வேறு கை பட்டால் தோல்வி. மைதானத்தில் மூன்று வாய்ப்பு, பத்து விநாடி காற்றில் நின்றால் வெற்றி. ஜெயித்தால், தம்பியின் ஏழெட்டு விமானத்தையும் வரிசையாக வைத்து, கிளப் ஆட்கள் முன்னால் ஒவ்வொன்றின் குறையையும் பூதக்கண்ணாடி வாசிக்கலாம், தம்பி கைகட்டி நின்று கேட்பான். இதைக் கேட்டதும் அவர் கண் மின்னியதைப் பார்க்கவேண்டுமே. லாட்டரி விழுந்தவன்கூட அப்படி மின்னியிருக்க மாட்டான்.

"தோத்தா?" என்று தம்பி தலையைச் சொறிந்தான். அந்தப் பக்கத்தை அவன் யோசிக்கவே இல்லை.

"தோத்தா ஒரு வருஷம்," என்றாள் அவள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "ஒரு வருஷம் முழுசா என்கிட்ட ஒரு குறையும் சொல்லக்கூடாது. சமையல், தையல், டம்ளர், எதுலயும். நான் வீட்டையே தலைகீழாத் திருப்பி வெச்சாலும் வாயத் திறக்கக்கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, கவனிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் உட்பட.

"அவ்வளவுதானே? சரி," என்றார் பூதக்கண்ணாடி, ஏதோ உப்பு வாங்கிவரச் சொன்னதுபோல.

மறுநாளே வெட்டும் மேஜை பறிபோனது. அவள் துணியைத் தரையில் விரித்து, முட்டி வலிக்கத் தவழ்ந்து தவழ்ந்து வெட்டினாள். அவளுடைய குண்டூசிப் பெட்டி போனது. துணி தவிர வேறெதையும் வெட்டக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்த நல்ல கத்தரிக்கோலை எடுத்து மனிதர் அட்டையை வெட்டினார். அவள் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு வருஷ நிம்மதிக்கு முன்னால் ஒரு கத்தரிக்கோல் எந்த மூலைக்கு?

முதல் வாரம் அவர் எதையும் செய்யவில்லை. பெட்டியை ஆய்வு செய்தார். பலகைகளைச் சமையல் தராசில் நிறுத்தார், குச்சிகளை வரிசையாக அடுக்கி எது வளைந்திருக்கிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பெட்டி தயாரித்தவர்களுக்குப் பதினோரு குறைகள் அடங்கிய கடிதம் ஒன்று எழுதினார். விமானம் செய்யும் முறை எட்டுப் பக்கம் அச்சடித்திருந்தது. அதை வரிவரியாகப் படித்து, படித்த ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டார். விமானம் கட்டும் மனிதரைப் பார்த்தால் விமானத்தை விசாரணைக்கு அழைத்திருக்கும் மனிதர் மாதிரி இருந்தது.

இரண்டாம் வாரம் ஒருவழியாக வேலை ஆரம்பமானது. இறக்கையின் வரைபடத்தை மேஜையில் விரித்து, பசை ஒட்டாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அதன்மேல் குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி, இடையிடையே சின்ன வளைந்த துண்டுகளை விலா எலும்பு போல நிற்கவைத்துப் பசை போட்டார். மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை, முன்னோரம் கொஞ்சம் உருண்டை, நுனி பின்பக்கமாகச் சரிந்து போகும். ஞாயிற்றுக்கிழமை இடது இறக்கை முடிந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், அழகாகத்தான் இருந்தது. ஒரு விலா கூட ஒரு மயிரிழை விலகவில்லை.

"எப்படி?" என்றார் அவர்.

"நல்லா இருக்கே," என்றாள் அவள். சொல்லிவிட்டு, இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்குப் பார்த்தாள். ஒரு விநாடிகூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும் இரண்டாவது இறக்கைக்கு உட்கார்ந்தார். அவள் ஒரு சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். நூல் எடுக்க எழுந்தவள் மேஜையைத் தாண்டும்போது சும்மா ஒரு பார்வை பார்த்தாள். நின்றுவிட்டாள்.

அதே வரைபடம். அதே பக்கம். அதே இடத்தில் அதே குண்டூசி. வரைபடத்தில் வரைந்திருந்தது ஒரே ஒரு இறக்கை, இடது இறக்கை. அதன்மேலேயே மறுபடியும் அச்சுப் பிசகாமல் இன்னொன்று கட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

தையல் பழகும் எல்லாரும் முதல் மாதத்தில் ஒருமுறை செய்யும் கூத்து அது. சட்டைக் கைக்கு வெட்டிவைத்த மாதிரிக் காகிதம் ஒன்றுதான் இருக்கும். அதை வைத்து ஒரு கை வெட்டிவிட்டு, காகிதத்தைத் திருப்பிப் போட்டு அடுத்த கையை வெட்டவேண்டும். திருப்ப மறந்தால் இரண்டும் இடது கையாகிவிடும். அவளும் பதினெட்டு வயசில் ஒரு டீச்சருடைய கவுனுக்கு அப்படி வெட்டி, துணி போதாமல், மூன்று நாள் அழுதிருக்கிறாள். அதனால் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. "என்னங்க, வரைபடத்தத் திருப்பணும்" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். இழுத்தால் எல்லாம் கையோடு வந்துவிடும், இன்னொரு தரம் ஒட்டிக்கொள்ளலாம்.

வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து அவர் நிமிராமலே சொன்னார்: "விளக்க மறைக்காத. அப்புறம் அந்தப் பொத்தான்ல மூணாவது கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு, இங்கிருந்தே தெரியுது."

வாய் மூடிக்கொண்டது. அவள் நூலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மூன்றாவது பொத்தான் சரியாகத்தான் இருந்தது. அதை அவள் அன்றைக்குப் பிரிக்கவில்லை.

புதன்கிழமை பூதக்கண்ணாடி இரண்டு இறக்கையையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் காட்டினார். "பாரு. ஒரு நூல் வித்தியாசம் இருக்கா சொல்லு பாக்கலாம்."

"இல்ல. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான்," என்றாள் அவள். பொய்யே இல்லை.

இறக்கைகள் காகிதத்தில் சுற்றப்பட்டு அலமாரிமேல் பத்திரமாக ஏறின. அடுத்த பத்து நாள் உடம்பும் வாலும். அந்தப் பத்து நாளும் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்கிறீர்களா? ராணி மாதிரி இருந்தாள். அவர் ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல, "சொல்லுங்க, சொல்லுங்க, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று மனசுக்குள் தாலாட்டினாள். ஒருநாள் மெஷினை மிதிக்கும்போது பாட்டுக்கூட வந்தது. ஆனால் அலமாரியைக் கடக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். தோதில்லாமல் வெட்டிய கை ஒன்று தன் வீட்டில் இருக்கிறது, அதைத் தெரிந்தே விட்டிருக்கிறோம் என்பது செருப்பில் ஏறிய கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

போட்டிக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, இறக்கைகள் கீழே இறங்கின. உடம்பில் பொருத்தி மேலே மெல்லிய காகிதம் ஒட்டினால் வேலை முடிந்தது. அவள் சமையலறையில் இருந்தாள். முன்னறையில் முதலில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. பிறகு காகிதம் புரளும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த வீட்டில் அவர் விழித்திருக்கும்போது அப்படி ஒரு அமைதி இருந்ததே கிடையாது.

எட்டிப் பார்த்தாள். அவர் இரண்டாவது இறக்கையை வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். முன்னோரம் பின்னால் போனது. புரட்டி வைத்தார். வளைவு கீழே போனது. மறுபடி திருப்பினார். எட்டு மாடிக் கட்டடத்தில் ஏழு மாடி வரை வந்து நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது முகம்.

இப்போது ஆரம்பிக்கும் என்று அவள் காத்திருந்தாள். பெட்டி தயாரித்தவன்மேல் பாயும், தம்பிமேல் பாயும், சுற்றி வளைத்துத் தன்மேல் வரும். அவர் எட்டுப் பக்கத் தாளை எடுத்துப் புரட்டினார். ஆறாம் பக்கத்தில் விரல் நின்றது. 'வலது இறக்கையை, வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, இதே முறையில் அமைக்கவும்' என்று இருந்தது. பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் தடித்த டிக்.

"நான்தான் போட்டிருக்கேன்," என்றார். அவளிடம் சொல்லவில்லை, தாளிடம் சொன்னார். "படிச்சேன். டிக் போட்டேன். செய்யல."

"அதுக்கென்ன..."

"இருபத்தொம்பது வருஷ சர்வீஸ்ல பாக்காம ஒரு டிக் போட்டதில்ல. வரைபடம்னா திருப்பக்கூடாது, தொடக்கூடாது, அப்படியே செய்யணும்னுதான் மண்டையில ஏறியிருக்கு. படிச்சது ஏறல."

யார்மேலும் பழி போடவில்லை. இறக்கையை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியில் வேறு மரம் இல்லை. மிச்சம் ஒரே நாள். அவள் கேட்ட ஒரு வருஷம், கேட்டதைவிடச் சுலபமாக, சத்தமே போடாமல் வந்து வாசலில் நின்றது.

அவள் திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள். கொஞ்ச நேரம் அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கருணை, பாசம், இருபத்தேழு வருஷ தாம்பத்யம் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். இரக்கமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனது அதைவிட அல்பமான விஷயம். தன் மேஜைமேல், தன் கண் முன்னால், இரண்டு இடது கை கிடப்பதை ஒரு தையல்காரியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நகருங்க," என்றாள்.

வரைபடத்தை உருவி எடுத்துக் கவிழ்த்துப் போட்டாள். மெஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்து அதன்மேல் நாலு சொட்டு விட்டுத் துணியால் தேய்த்தாள்.

"ஐயையோ, அது வரைபடம்! என்ன பண்ற?"

"இப்பப் பாருங்க."

எண்ணெய் ஊறிய காகிதத்தின் வழியே கோடுகள் எல்லாம் மறுபக்கமாகத் தெளிந்து தெரிந்தன. வலது இறக்கை. அவர் வாய் திறந்தபடியே நின்றது. அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, இறக்கைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, பசை போட்ட இடங்களில் மட்டும் ஆவியைக் காட்டினாள். பசை இளகியது. ஊசி நுனியால் நெம்பி, தையல் பிரிக்கிற மாதிரியே ஒவ்வொரு விலாவாகக் கழற்றி வரிசையாக வைத்தாள். ஒன்றுகூட உடையவில்லை.

"அதை அப்படிப் பிடிச்சா..." என்று ஆரம்பித்தார் அவர்.

"வாயத் திறந்தீங்க, இப்படியே போட்டுட்டுப் போயிடுவேன்."

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கையையே பார்த்தார். இருபத்தேழு வருஷமாக அந்தக் கை செய்து முடித்ததைத்தான் பார்த்திருக்கிறார். செய்வதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "உனக்கு எப்படி இது தெரியும்?"

"ரெண்டு இடது கை வெட்டாத தையல்காரி ஊர் உலகத்துல கிடையாது."

மதியத்துக்குள் வலது இறக்கை நின்றது. சாயங்காலத்துக்குள் அவர் காகிதம் ஒட்டி, அவள் துணிக்குத் தெளிக்கும் தண்ணீர்ப் புட்டியால் லேசாக நனைத்துக் காயவைத்தார். காகிதம் இறுகி மேளத்தோல் மாதிரி விறைத்தது. 'வேறு கை பட்டால் தோல்வி' என்ற விதியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? தன் ஒரு வருஷத்தைத் தானே ஆவியில் கரைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. படுக்கப் போகும்போது தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

ஞாயிறு காலை மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர், மற்றவர்கள் தம்பியின் கடையில் கண்ணாடி வாங்கியவர்கள். ஐம்பதைத் தாண்டிய ஆம்பிளைகள் எல்லாரும் கையளவு விமானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கையில் கடிகாரம்.

முதல் தடவை, மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய், யோசித்து, தொப்பென்று விழுந்தது. மூன்று விநாடி. பல் டாக்டர், விமானத்தின் மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்டச் சொன்னார். பூதக்கண்ணாடி தானே உருட்டி ஒட்டினார். இரண்டாவது, ஆறு விநாடி. அவள் தன்னையறியாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

மூன்றாவது தடவை விமானம் அவர் கையைவிட்டு நழுவி, நேராக ஓடி, லேசாகச் சாய்ந்து, வட்டமடித்தது. விசிறி நின்ற பிறகும் அவசரப்படாமல் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது. தம்பி கடிகாரத்தை உயர்த்தினான். "பதிமூணு! அத்தான், பதிமூணு! நான் தோத்தேன்!" எல்லாரும் கைதட்டினார்கள். தம்பி பெருந்தன்மையாகத் தன் விமானங்களை வரிசையாக எடுத்து வைக்க ஆரம்பித்தான்.

பூதக்கண்ணாடி ஓடிப்போய் விமானத்தை எடுத்துவந்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஆரம்பித்துவிட்டார், இன்றைக்கு மத்தியானம் வரை வாசிப்பார் என்று அவள் மனசு விட்டுப்போனது. அவர் பென்சிலால் வலது இறக்கையைத் தொட்டுக் காட்டினார்.

"மாப்ளே, நிறுத்து. இது செல்லாது. இந்த றெக்கை நான் பண்ணல. நான் பண்ணது தப்பாப் போச்சு. பிரிச்சுக் கோத்தது உங்க அக்கா."

தம்பி கையில் எடுத்த விமானத்தோடு அப்படியே நிமிர்ந்தான்.

"ரெண்டு றெக்கையையும் ராத்திரி விளக்குல வெச்சுப் பாத்தேன்," என்று தொடர்ந்தார், படிவம் வாசிக்கும் அதே குரலில். "என்னுதுல நாலு குறை இருக்கு. இதுல ஒண்ணுமே இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன். இல்ல."

அவளுக்குக் கோபமாக வந்தது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒரு மனிதனுக்கு இருபத்தேழு வருஷமும் ஒரு விமானமும் பன்னிரண்டு சாட்சியும் வேண்டுமா? அழுகை வருவதை மறைக்க மூக்கைச் சிந்தினாள். தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்தே முக்கால். பூதக்கண்ணாடி தோற்றுவிட்டார். ஒரு வருஷம் அப்போதே ஆரம்பமானது.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். விமானப் பெட்டி அவர் கையில். அவள் முந்தானையின் ஒரு முனை புழுதியில் புரண்டுகொண்டிருந்தது. அவர் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேர்மையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ம்."

"அந்த ரெண்டாவது றெக்கை. நீங்க ஒட்டின அன்னைக்கே பாத்துட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமையே. பசைகூடக் காயல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சரியாப் போயிருக்கும். வேணும்னேதான் சொல்லல."

அவர் மெதுவாகத் திரும்பினார். முகம் சிவந்தது. நெற்றி சுருங்கியது. வாய் திறந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இந்தத் திட்டு நியாயமான திட்டு. இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக, வாங்கிக்கொள்ளவேண்டிய திட்டு.

ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். அவர் வாய் மூடியிருந்தது.

"என்ன, ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?"

"எப்படிச் சொல்றது? குறை சொல்லக்கூடாதுன்னு விதி."

"இந்த ஒண்ணுக்குப் பரவால்ல. நானே சொல்றேனே, திட்டிடுங்க."

"விதின்னா விதி." பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார், சிவப்புப் பென்சிலால் ஏதோ எழுதினார், மூடினார். "அடுத்த வருஷம் இதே நாள், பத்தே முக்காலுக்குச் சொல்றேன்."

பஸ் வந்தது. அவர் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே பார்க்க ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருஷம் சத்தமில்லாமல் இருக்கவேண்டும் என்று கேட்டவள் அவள்தான். மூன்றாவது நிறுத்தம் தாண்டுவதற்குள், "என்ன எழுதினீங்க, அதையாவது சொல்லுங்களேன்" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இன்னும் முன்னூற்று அறுபத்தைந்து நாள் இருந்தது.